குப்புறப் படுக்க வைத்து அறுவை சிகிச்சை செய்யலாமா?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், மருத்துவமனை ஆகியவற்றை நீக்கிவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அவருடைய ஆறு வயது மகன் விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போன இடத்தில் திண்ணையிலிருந்து குதித்தான். ஊன்றிய இடது கை முழங்கைக்குச் சற்று மேலே முறிந்துவிட்டது. தனியார் மருத்துவமனை ஒன்றில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் சேர்த்திருக்கிறார்கள். மறுநாள் காலை, சதையைக் கிழித்துத் திறக்காமலே எலும்பைச் சேர்த்து, வெளிப்பக்கம் ஒன்றும் உள்பக்கம் ஒன்றுமாக இரண்டு கம்பிகள் போட்டு, மாவுக்கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எக்ஸ்-ரேயைப் பார்த்த மருத்துவர், எலும்பு நன்றாகச் சேர்ந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

தாயின் கலக்கம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. தியேட்டரை விட்டு வெளியே வந்த மகனின் வலது கன்னமும் நெற்றியும் சிவந்திருந்தன. இமைகள் வீங்கியிருந்தன. புருவத்தில் நாலைந்து முடியைக் காணவில்லை. இரண்டு நாள் குரல் கரகரத்தது. கேட்டதற்கு, "குப்புறப் போட்டுச் செய்தோம், அப்படித்தான் இருக்கும்" என்று செவிலியர் ஒருவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிறுமிக்கும் இதே முறிவு. வேறு மருத்துவர் மல்லாக்கப் படுக்க வைத்தே செய்திருக்கிறார். "என் பிள்ளையை மட்டும் ஏன் கவிழ்த்துப் போட்டார்கள்? மூச்சுத் திணறியிருக்காதா? கண்ணுக்கு ஏதாவது ஆகுமா? கையெழுத்து வாங்கும்போது ஒரு வார்த்தை சொல்லவில்லையே?" என்று கேட்கிறார். வழக்குப் போட வேண்டும் என்கிறார் கணவரின் அண்ணன். கட்டைப் பிரித்ததும் எண்ணெய் நீவி விட வேண்டும் என்கிறார் மாமியார். மயக்க மருந்தால் ஞாபகசக்தி குறையும் என்று யாரோ சொன்னதும் கடிதத்தில் இருக்கிறது.

மூன்றாம் பக்கத்தின் அடியில் இன்னொரு வரியும் இருக்கிறது: "சுண்டுவிரல் மரத்துப் போகிறது என்று ஆபரேஷன் முடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். கட்டு இறுக்கமாக இருப்பதால் இருக்கலாம்."

அம்மா, உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி இதுதான். இந்தப் பதில் அச்சாகி வரும்வரை அது காத்திருக்கக் கூடாது என்பதால், படித்த அன்றே ஆசிரியர் குழுவின் மூலம் உங்களுக்குத் தகவல் அனுப்பச் சொன்னேன்: அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல், அறுவை செய்த மருத்துவரிடமே மறுநாள் காலை மகனைக் கூட்டிப் போங்கள் என்று. போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். விரலைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு முதலில் வருவோம்.

ஏன் கவிழ்த்துப் படுக்க வைத்தார்கள்?

ஐந்திலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு முழங்கையைச் சுற்றி வரும் முறிவுகளில் மிக அதிகம் காணப்படுவது இதுதான். மேற்கை எலும்பு முழங்கையை நெருங்கும் இடத்தில் தட்டையாகி, முன்னும் பின்னும் குழிந்து, நடுவில் மிக மெல்லியதாகிவிடுகிறது. பிள்ளை விழும்போது கையை நீட்டி ஊன்றுகிறது, முழங்கை பின்பக்கமாக வளைகிறது, அந்த மெல்லிய இடம் முறிகிறது. கீழ்த்துண்டு பின்னால் போய்விடும். மேல்துண்டின் கூரிய முனை முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும். கைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியும் ஒரு முக்கிய நரம்பும் அந்த முனைக்கு எதிரிலேயே ஓடுகின்றன. அதனால்தான் துண்டுகள் விலகிப்போன முறிவை நாங்கள் அவசரமாகப் பார்க்கிறோம்.

இந்த அறுவையைச் செய்யப் பிள்ளையை மூன்று விதமாகப் படுக்க வைக்கலாம். மூன்றும் பாடநூல்களில் உள்ள முறைகள்தான்.

மல்லாந்த நிலைதான் அதிகம் பேர் கையாள்வது. சின்னப் பிள்ளைக்குக் கை மிகவும் குட்டை. முழங்கை எக்ஸ்-ரே படத்தின் நடுவில் விழ வேண்டும் என்றால் தோளும் தலையும் மேசையின் விளிம்புக்கே வந்தாக வேண்டும். தலை நழுவாமல் பிடிப்புக் கொடுத்துவிட்டு, பக்கப் பலகையின் மேலோ, 'சி-ஆர்ம்' எனப்படும் எக்ஸ்-ரே கருவியின் வட்டத் தட்டின் மேலோ கையை நீட்டி வைப்பார்கள். இழுத்து, பக்கவாட்டு விலகலைச் சரிசெய்து, பின்னால் போன துண்டைப் பெருவிரலால் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே முழங்கையை முழுவதுமாக மடக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு கம்பியைச் செலுத்த வேண்டும். இதில் ஒரு சங்கடம் உண்டு. வீங்கிய முழங்கையை இறுக மடக்கினால் இரத்த ஓட்டம் குறையலாம். அத்துடன், மடக்கும்போது பல பிள்ளைகளுக்கு முழங்கையின் உள்பக்க நரம்பு தன் இடத்தை விட்டு முன்னால் நழுவி, உள்பக்கக் கம்பி நுழையும் இடத்துக்கு அருகே வந்துவிடும். அதனால் உள்பக்கக் கம்பி போடுவதற்கு முன் முழங்கையைச் சற்று நிமிர்த்திக்கொள்வார்கள்.

குப்புறப் படுக்க வைக்கும்போது இந்தச் சிரமம் குறைகிறது. கிணற்றுச் சுவரில் மார்பைச் சாய்த்து, முழங்கைக்குக் கீழே கையைத் தொங்கவிட்டு எட்டிப் பார்க்கிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கைக்குக் கீழே மெத்தை வைத்த தாங்கி இருக்கும். முன்கை அதன் விளிம்பிலிருந்து நேராகத் தொங்கும். முன்கையின் எடையே எலும்பை இழுத்துக் கொடுக்கிறது. பின்னால் போன துண்டு இப்போது மேல்பக்கம் இருப்பதால், மருத்துவர் பெருவிரலால் கீழ்நோக்கி அழுத்தினால் போதும். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்திலேயே நிற்கிறது, இறுக மடக்க வேண்டியதில்லை. உள்பக்க, வெளிப்பக்க எலும்பு முனைகள் இரண்டும் விரலுக்குத் தட்டுப்படும்.

இதன் கஷ்டமெல்லாம் மயக்க மருந்து தருபவருக்குத்தான். மயங்கிய பிள்ளையைக் குழாயோடு திருப்ப வேண்டும், முகம் கீழே இருக்கும், நடுவில் குழாய் நழுவினால் மறுபடி புரட்ட வேண்டும். நாடித்துடிப்பு இல்லாத கை, வேறு இடங்களிலும் அடிபட்ட பிள்ளை, நெஞ்சுச் சளியோ ஆஸ்துமாவோ உள்ள பிள்ளை என்றால் பெரும்பாலானவர்கள் மல்லாக்கவே படுக்க வைப்பார்கள். இரத்தக்குழாயைத் திறந்து பார்க்க நேர்ந்தால் முழங்கையின் முன்பக்கமாகத்தான் போக வேண்டும். கவிழ்ந்த நிலையில் அது நடக்காது. மூன்றாவது முறை ஒருக்களித்துப் படுக்க வைப்பது. எலும்பைப் பின்பக்கமாகத் திறந்து சேர்க்க வேண்டிய முறிவுகளுக்கு அது வசதி. உங்கள் மகன் விஷயத்தில் அந்தப் பேச்சே எழவில்லை.

நான் மல்லாக்கப் படுக்க வைத்தே செய்கிறவன். ஆகவே குப்புற முறைக்கு வக்காலத்து வாங்க எனக்குத் தனிக் காரணம் எதுவும் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டவர்கள் எலும்பு கூடுவதிலும் பின்னர் முழங்கை மடங்குவதிலும் பெரிய வித்தியாசத்தைக் காணவில்லை. எந்த நிலை என்பதைவிட, அந்த மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் தியேட்டர் ஊழியர்களும் எதற்குப் பழகியிருக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். பக்கத்துக் கட்டில் சிறுமிக்கு வேறு மருத்துவர், வேறு பழக்கம். அவளுடைய முறிவும் வேறு மாதிரி இருந்திருக்கலாம். உங்கள் பிள்ளையை வைத்து யாரோ கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்க உங்கள் கடிதத்தில் எந்த ஆதாரமும் இல்லை.

மூச்சு, முகம், கண்

விழித்திருக்கும் பிள்ளையை மெத்தையில் முகம் புதையக் கவிழ்த்தால் மூச்சு முட்டும். உங்கள் மனத்தில் ஓடுவது அந்தப் படம்தான். தியேட்டரில் நடப்பது வேறு. மல்லாந்திருக்கும்போதே மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குழாயில் ஒரு குழாயைச் செலுத்தி, அதைப் பிளாஸ்திரி போட்டு நிறுத்திய பிறகுதான் பிள்ளையைத் திருப்புகிறார்கள். மார்புக்குக் கீழே ஒன்றும் இடுப்புக்குக் கீழே ஒன்றுமாக உருளைத் தலையணை வைத்து, வயிறு எதிலும் அழுந்தாமல் விடுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வயிறு தடையின்றி அசைந்தால்தான் நுரையீரல் நன்றாக விரியும். மூச்சைக் கருவி கொடுத்துக்கொண்டிருக்கும். விரலில் மாட்டிய கிளிப் ஆக்சிஜன் அளவைக் காட்டும். வெளிவிடும் காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவு இன்னொரு திரையில் கோடாக ஓடும். குழாய் சற்று நகர்ந்தாலும் அந்தக் கோடு முதலில் காட்டிக்கொடுத்துவிடும்.

குரல் கரகரத்தது அந்தக் குழாயால்தான். மல்லாக்கப் படுக்க வைக்கும்போது பல பிள்ளைகளுக்குத் தொண்டையோடு நின்றுவிடும் வேறொரு சாதனமே போதுமானதாக இருக்கும். மூச்சுக்குழாய்க்குள் போவதைவிட அதனால் கரகரப்புக் குறைவு. ஒரு வாரத்துக்கு மேலும் குரல் தெளியாவிட்டால் காட்டுங்கள். இரண்டே நாளில் சரியாகிவிட்டதால் அதை மறந்துவிடலாம்.

கன்னமும் நெற்றியும் சிவந்தது நிச்சயமாகக் கவிழ்ந்து படுத்ததால்தான். தலையை ஒரு பக்கமாகத் திருப்பி மெத்தைத் தாங்கியில் வைத்திருப்பார்கள். எடை அழுந்திய தோல் சிவக்கும். ஓரிரு நாளில் மறைந்தால் அதற்குமேல் ஒன்றுமில்லை. மறையாமல் கருத்தாலோ கொப்புளித்தாலோ தாங்கி சரியாக வைக்கப்படவில்லை என்று கேட்க உங்களுக்கு நியாயம் உண்டு. மூன்றாம் நாள் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். இமை வீக்கமும் அப்படித்தான், முகம் கீழே இருந்ததால் அங்கே நீர் இறங்கியிருக்கிறது. புருவத்து முடியைப் பொறுத்தவரை, கண் உலராமல் இருக்கக் களிம்பு போட்டு, இமையை மூடிப் பிளாஸ்திரி ஒட்டுவார்கள். பிரிக்கும்போது நாலு முடி அதோடு வந்துவிடும். உங்களுக்கு அது அலட்சியத்தின் அடையாளமாகத் தெரிந்திருக்கிறது. என் கண்ணுக்கு அது கண்ணை யாரோ மறக்காமல் மூடினார்கள் என்பதற்குச் சாட்சி.

கவிழ்ந்த நிலையில் பார்வை போன செய்திகளை எங்கோ படித்திருக்கிறீர்கள். அவை பெரும்பாலும் பல மணி நேரம் நீடித்து, நிறைய இரத்தம் இழந்த முதுகெலும்பு அறுவைகளைப் பற்றியவை. மிக அரிதானவையும்கூட. உங்கள் மகனுக்கு நடந்தது ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த, இரத்த இழப்பு மிகவும் குறைந்த வேலை. கண் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சம் பார்க்கக் கூசினால் விழிப்படலத்தில் சிராய்ப்பு இருக்கலாம் என்று உடனே கண் மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை என்பதால் கண்ணைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள்.

சுண்டுவிரல்

குப்புறப் படுத்ததால் விரல் மரத்திருக்கும் என்று கணவரின் அண்ணன் சொல்கிறார். அப்படி நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தாங்கி அழுந்தும் இடம் மேற்கையின் முன்பக்கம். சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு முழங்கையின் உள்பக்க எலும்பு முனைக்குப் பின்னால் ஓடுகிறது. கதவு நிலையில் முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரைக்கும் சுரீரென்று ஓடுமே, அதே நரம்பு. படுக்கையால் அது அழுந்துவதென்றால், பெரும்பாலும் அறுவை நடக்காத வலது முழங்கையில்தான், பலகையின் விளிம்பில் பட்டு அழுந்தியிருக்க வேண்டும். உங்கள் மகனுக்கோ அறுவை நடந்த கையிலேயே மரத்திருக்கிறது. ஆகவே என் சந்தேகம் படுக்கையின் மேல் விழவில்லை, உள்பக்கக் கம்பியின் மேல் விழுகிறது. கம்பி நரம்பைத் தொட்டுக்கொண்டோ, அதன் அருகே உள்ள சதையை இழுத்துப் பிடித்துக்கொண்டோ இருக்கலாம். இந்த முறையில் எங்களுக்குத் தெரிந்த, பேர் போன அபாயம் அது. முறிந்தபோதே நரம்பு நசுங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. கட்டின் இறுக்கம் என்றால் ஒரு விரலோடு நிற்காது. விரல்கள் எல்லாமே வீங்கும், வலிக்கும்.

இதைப் பிரித்தறிய ஒரே கேள்விதான்: அறுவைக்கு முன் அந்த விரலில் உணர்ச்சி இருந்ததா? அவசரப் பிரிவில் சேர்த்தபோது மருத்துவர் விரல்களைச் சோதித்து கேஸ் ஷீட்டில் எழுதியிருக்க வேண்டும். வீட்டிலும் நீங்கள் பார்க்கலாம். மகனைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் சுண்டுவிரல் நுனியைத் தொடுங்கள். அடுத்த கையிலும் தொட்டு, இரண்டும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கேளுங்கள். விரல்களை விசிறிபோல் விரிக்கச் சொல்லுங்கள். மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே ஒரு தாளைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி மெதுவாக இழுங்கள். அப்படியே பெருவிரல் நுனியையும் ஆட்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடச் சொல்லுங்கள். இந்த முறிவிலேயே அடிக்கடி அடிபடும் இன்னொரு நரம்பு அதில் தெரிந்துவிடும். ஆறு வயதுப் பிள்ளை இதையெல்லாம் விளையாட்டாகச் செய்து காட்டும். பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள்.

அறுவைக்குப் பிறகுதான் மரத்தது என்றால் மருத்துவர் இரண்டில் ஒன்றைச் செய்யலாம். உள்பக்கக் கம்பியை இப்போதே எடுத்துவிடலாம். அல்லது எப்படியும் மூன்று, நான்கு வாரத்தில் கம்பிகள் வெளியே வரப்போவதால் பொறுத்திருந்து பார்க்கலாம். இரண்டுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். நானாக இருந்தால், எக்ஸ்-ரே பார்த்து எலும்பு கூடத் தொடங்கியிருந்தால் உள்பக்கக் கம்பியை எடுத்துவிட்டு, வெளிப்பக்கக் கம்பியையும் மாவுக்கட்டையும் நம்புவேன். உங்கள் மருத்துவர் பொறுக்கலாம் என்றால் காரணத்தைக் கேளுங்கள். அது தவறான முடிவு என்று எடுத்தவுடன் நினைக்க வேண்டாம். நரம்பு அறுந்திருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. நசுங்கிய நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாகத் தேறும். மூன்று மாதத்திலும் ஒரு முன்னேற்றமும் தெரியாவிட்டால் நரம்பு வழியாக மின்துடிப்பு சரியாகப் போகிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனை செய்து, கை அறுவை நிபுணரிடம் காட்ட வேண்டும்.

கையெழுத்தும் வழக்கும்

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, கணவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார், யாரும் எதையும் விளக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் குறைகளிலேயே நான் முழுமையாக உங்கள் பக்கம் நிற்பது இதில்தான். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: சிகிச்சை என்ன, எதற்காக, மாற்று வழி உண்டா, கணிசமான அபாயங்கள் எவை என்பதைத் தெரிவித்த பிறகு பெறும் சம்மதம்தான் சம்மதம். மிக அரிதான அபாயங்களையெல்லாம் பட்டியலிட வேண்டியதில்லை என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. எந்த நிலையில் படுக்க வைப்போம் என்று படிவத்தில் எழுதும் வழக்கம் பொதுவாக இல்லை, அது சட்டக் குற்றமாகவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் உள்பக்கக் கம்பியால் நரம்பு பாதிக்கப்படலாம் என்பதைச் சொல்லியிருக்க வேண்டும். "கவிழ்த்துப் படுக்க வைப்போம், முகம் கொஞ்சம் சிவந்திருக்கும், பயப்படாதீர்கள்" என்று தமிழில் ஒரு வாக்கியம் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. அது சொல்லப்படாததால்தான் உங்கள் வீட்டில் இவ்வளவு கலவரம்.

உங்களுக்குள்ள உறுதியான உரிமை ஆவணங்கள். மருத்துவர்களின் நடத்தை குறித்த 2002-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும். காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர் என்பதால் இந்த உரிமை குறைந்துவிடாது. டிஸ்சார்ஜ் சம்மரியோடு திருப்தி அடையாமல் எழுத்து மூலம் இவற்றைக் கேளுங்கள்: முழு கேஸ் ஷீட், அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துப் பதிவேடு, முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்-ரே படங்கள், சம்மதப் படிவத்தின் நகல். மயக்க மருந்துப் பதிவேட்டில் ஆக்சிஜன் அளவும் நாடித்துடிப்பும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை குறிக்கப்பட்டிருக்கும். மூச்சுத் திணறியதா என்ற உங்கள் கேள்விக்கு நானோ கணவரின் அண்ணனோ சொல்வதைவிட அந்த ஒரு தாள் நேர்மையாகப் பதில் சொல்லும்.

வழக்கைப் பற்றி நான் மருத்துவனாக மட்டுமே பேச முடியும். ஒத்துக்கொள்ளப்பட்ட இரண்டு முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது அலட்சியம் ஆகாது என்பதே 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம். ஆகவே "குப்புறப் போட்டார்கள்" என்ற ஒன்றை மட்டும் வைத்துப் போனால் வழக்கு நிற்காது என்று நினைக்கிறேன். விரல் மரத்துப்போன பிறகும் பார்க்கவில்லை, சொல்லியும் கவனிக்கவில்லை என்றால் அது வேறு விஷயம். ஆனால் உங்கள் கடிதத்தின்படி அதை நீங்கள் இன்னும் மருத்துவரிடம் சொல்லவே இல்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதனால் இன்று வக்கீலைத் தேடி ஓட வேண்டியதில்லை. இப்போது அதே மருத்துவரோடு முறித்துக்கொண்டால் நஷ்டம் பையனுக்குத்தான். கம்பி எந்தக் கோணத்தில் போனது என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் வேறு யாரும் இல்லை. இரண்டாவது கருத்து வேண்டுமானால் தாராளமாக இன்னொரு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். படங்களை எடுத்துக்கொண்டு போங்கள்.

கட்டைப் பிரித்த பிறகு

மாமியாரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்: முழங்கையை நீவக் கூடாது. எண்ணெய் குற்றவாளி இல்லை, அழுத்துவதும் இழுப்பதும்தான் குற்றவாளி. முறிந்த முழங்கையைப் பிடித்து நீவினால் சதைக்குள் எலும்பு வளர்ந்து, மூட்டு நிரந்தரமாக இறுகிப்போகலாம். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுவது அதைவிட ஆபத்து. இறுக்கமான கட்டால் முன்கைச் சதை இரத்தமின்றிச் செத்து, விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடுவதை ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மன் 1881-லேயே விவரித்தார். இன்றும் அப்படிப்பட்ட கையோடு பிள்ளைகள் எங்களிடம் வருகிறார்கள்.

கம்பிகளின் முனை தோலுக்கு வெளியேதான் இருக்கும். புறநோயாளிப் பிரிவிலேயே, பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமல், உருவி எடுத்துவிடுவார்கள். பிள்ளை அழுவது பாதி பயத்தால்தான். கம்பி வளர்ச்சியைத் தடுக்குமா என்று கேட்டிருந்தீர்கள். வழுவழுப்பான மெல்லிய கம்பி மூன்று, நான்கு வாரம் இருப்பதால் வளர்ச்சி பாதிக்கப்படுவதில்லை. முழங்கை வளைந்து சேர்ந்திருந்தால்தான் பிரச்சினை. மேற்கை எலும்பின் வளர்ச்சியில் ஐந்தில் ஒரு பங்குதான் முழங்கைப் பக்கம் நடக்கிறது. அதனால் பக்கவாட்டு வளைவு வயதோடு நேராகிவிடும் என்று காத்திருக்க முடியாது. கம்பி எடுத்துச் சில வாரம் கழித்துக் கை நிமிர்ந்ததும் இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே தெரிய நீட்டச் சொல்லி, வித்தியாசம் இருக்கிறதா என்று மருத்துவரோடு சேர்ந்து பாருங்கள்.

கட்டு பிரித்த அன்று முழங்கை பாதிகூட மடங்காது. பதற வேண்டாம். இந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிசியோதெரபியே தேவைப்படுவதில்லை. குளிக்கும்போது தானே தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளவும், தட்டை இரண்டு கையாலும் தூக்கவும் விடுங்கள். பள்ளிக்கு அனுப்பலாம். ஓட்டப்பந்தயம், சைக்கிள், திண்ணையிலிருந்து குதிப்பது எல்லாம் மருத்துவர் எக்ஸ்-ரே பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். பொதுவாக முறிந்த நாளிலிருந்து ஆறு முதல் எட்டு வாரம் ஆகும்.

ஞாபகசக்தி பற்றிய பயத்துக்கு ஓரளவு காரணம், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-ல் வெளியிட்ட எச்சரிக்கை. அது மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் அல்லது திரும்பத் திரும்பத் தரப்படும் மயக்க மருந்தைப் பற்றியது. ஆறு வயதில், ஒரே ஒரு முறை, ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த மயக்கத்துக்கு அது பொருந்தாது. கைக்குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக மயக்க மருந்து கொடுத்து, ஐந்து வயதில் அவர்களுடைய அறிவுத்திறனைச் சோதித்துப் பார்த்த பன்னாட்டு ஆய்வு 2019-ல் வெளிவந்தது. அதிலும் குறைவு எதுவும் தெரியவில்லை.

விரல் சோதனையை வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில் செய்து குறித்து வாருங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள், மற்றக் கேள்விகளை அதற்குப் பிறகு கேளுங்கள்.